அப்பாவுக்குக் காய்ச்சல், எனக்கு ஃப்ளைட்: கார்டு இன்சூரன்ஸ் எதுக்குக் காசு கொடுக்கும், எதுக்குக் கொடுக்காது?

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.



போன எபிசோட்ல கிரெடிட் ஸ்கோர் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, கார்டு வாங்கினா ட்ராவல் இன்சூரன்ஸ் ஃப்ரீன்னு சொல்றாங்களே, அது நிஜமா வேலை செய்யுமா?" இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இருக்கு. அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலை 57,300 ரூபாய். பணத்தைத் தவிர இன்னொன்னும் போச்சு. அதைச் சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு, ஆனா சொல்லிடறேன்.

கதையை முதல்ல சொல்றேன், கணக்கை அப்புறம் பார்ப்போம்.

ஒரு கோடி ரூபாய் கவர்

நானும் என் மனைவியும் டிசம்பர் முதல் வாரம் வியட்நாம் போறதா ப்ளான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் கழிச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல லீவு கிடைச்ச முதல் ட்ரிப். சென்னையில இருந்து கொல்கத்தா, அங்கிருந்து ஹனோய். போக வர ரெண்டு பேருக்கும் 52,400 ரூபாய். சீப்பா கிடைச்சுதுன்னு ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டைத்தான் போட்டேன். அதை என் கிரெடிட் கார்டுலதான் வாங்கினேன். காரணம், அந்தக் கார்டு வந்த கவர்ல பெரிய எழுத்துல போட்டிருந்தது: ஒரு கோடி ரூபாய் வரை இலவசப் பயணக் காப்பீடு.

அது போக, என் மனைவி சொன்னாங்கன்னு ஆன்லைன்ல தனியா ஒரு ட்ராவல் பாலிசியும் எடுத்தேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். அதுல "ட்ரிப் கேன்சலேஷன்"னு ஒரு வரி இருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். படிக்கலை. வேலையில ஒரு லைப்ரரியைச் சேர்க்குறதுக்கு முன்னாடி அதோட டாக்குமெண்டேஷனை மூணு தடவை படிக்கிற ஆள் நான். சொந்தப் பணம்னு வந்தப்போ "ஐ அக்ரீ" அழுத்திட்டுப் போயிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ளைட். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை விருதுநகர்ல அப்பாவுக்குக் காய்ச்சல். எனக்குச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் சொன்னாங்க. "சும்மா வைரல்னு நெனச்சோம்டா. இப்போ ப்ளட் டெஸ்ட்ல டெங்குன்னு வந்திருக்கு"ன்னு அம்மா. அன்னிக்கு ராத்திரியே கிளாம்பாக்கம் போய் பஸ் ஏறிட்டேன். டிக்கெட் பத்தி அப்போ எனக்கு ஒரு பயமும் இல்லை. ஒரு கோடி கவர் இருக்கே! பஸ்ல உக்காந்துக்கிட்டே பேங்க் கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன்.

அந்தப் பொண்ணு பொறுமையாத்தான் சொன்னாங்க. "சார், அது ஏர் ஆக்ஸிடெண்ட் கவர். விமான விபத்துல கார்டுதாரர் இறந்துட்டா, நாமினிக்குக் கிடைக்கிற தொகை." ட்ரிப் கேன்சல் ஆனா? "அது உங்க கார்டுல இல்ல சார்."

அதாவது, நான் போகாம இருந்தா ஒண்ணும் இல்லை. போய், ப்ளேனும் விழுந்தா ஒரு கோடி.

"பெட் அவருக்கு வேணுமா?"

புதன்கிழமை காலையில அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அப்பாவுக்கு 58 வயசு. சுகர் இல்லை, பிரஷர் இல்லை, ஆஸ்பத்திரி பக்கமே போகாத மனுஷன். அன்னிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ப்ளேட்லெட் 92,000. டாக்டர் சொன்னதைக் கவனமா கேளுங்க, இது மழைக்காலத்துல எல்லாருக்கும் தேவை. டெங்குல காய்ச்சல் இறங்கின உடனே "சரியாப் போச்சு"ன்னு நெனைக்கக் கூடாது. இறங்கின பிறகு வர்ற ஒண்ணு ரெண்டு நாள்தான் உன்னிப்பாப் பார்க்க வேண்டிய நேரம். கடுமையான வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப அசதி, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அதுவரைக்கும் நிறைய தண்ணி, பாராசிட்டமால் மட்டும், தினம் ஒரு ப்ளட் டெஸ்ட். வீட்லயே இருக்கலாம்.

ஆனா அதுக்குள்ள நான் இன்னொன்னைப் படிச்சிருந்தேன். ஆன்லைன்ல எடுத்த அந்தப் பாலிசியோட முழு வாசகம். பஸ்ல மேல்மருவத்தூர் தாண்டினதுல இருந்து திருச்சி வரைக்கும் அதைத்தான் படிச்சேன். அதுல என்ன இருந்ததுன்னா, பயணம் செய்றவரோட நெருங்கிய குடும்பத்தார் நோய்க்காக ஆஸ்பத்திரியில உள்நோயாளியா சேர்க்கப்பட்டு, அதனால பயணம் ரத்தானா பணம் உண்டு. கவனிச்சீங்களா? "நோய்வாய்ப்பட்டால்" இல்லை. "சேர்க்கப்பட்டால்."

டாக்டர் வீட்டுக்குப் போகச் சொன்னதும் நான் மெதுவா கேட்டேன். "டாக்டர், ஒரு சேஃப்டிக்கு ரெண்டு நாள் அட்மிட் பண்ணிடலாமா?"

"எதுக்கு? வாந்தி இல்ல, வயித்து வலி இல்ல, நல்லா தண்ணி குடிக்கிறாரு."

"இல்ல டாக்டர்... இன்சூரன்ஸ்ல கேக்குறாங்க."

அவர் பேனாவை மூடி வெச்சார். "வெளிய பார்த்தீங்கல்ல? நாலு குழந்தைங்க ட்ரிப்ஸோட ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கு. பெட் அவருக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா தம்பி?"

அப்பா பக்கத்து ஸ்டூல்லதான் இருந்தார். ஒண்ணும் பேசலை. வீட்டுக்குத் திரும்புற ஆட்டோவுல கேட்டார். "டிக்கெட் எவ்வளவுப்பா?"

"விடுங்கப்பா."

"சும்மா சொல்லு."

"அம்பதாயிரம் கிட்ட."

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தார். அப்புறம் சொன்னார். "அப்போ நான் அட்மிட்டே ஆகியிருக்கலாமோ?"

மக்களே, இந்த எபிசோடை நான் ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணி ரெண்டு தடவையும் இந்த இடத்துல நிறுத்திட்டேன். முழு நேரமும் நான் அவருக்காகத்தான் ஓடி வந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா அந்த ஆட்டோவுல, தன்னோட உடம்பு என் டிக்கெட்டுக்கு ஒரு டாக்குமெண்ட் மாதிரி ஆயிடுச்சுன்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது. அதைப் புரிய வெச்சது நான்தான்.

பதிமூணு மணி நேரம்

அன்னிக்கு ராத்திரி அம்மாவும் அக்காவும் ஒரே பேச்சு. "காய்ச்சல்தான் விட்டுருச்சேடா, நீ போயிட்டு வா, நாங்க பார்த்துக்கறோம்." என் மனைவிக்கு போன் பண்ணேன். அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஹனோய்ல போய் இறங்கினதும் நீ முதல்ல என்ன பண்ணுவ?" வீட்டுக்கு போன் பண்ணுவேன்னேன். "அப்போ இங்கயே இருந்து நேர்ல பார்த்துட்டுப் போ."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாத்தையும் கேன்சல் பண்ணேன். அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு வயித்து வலி, அடுத்தடுத்து நாலு தடவை வாந்தி. பதினோரு மணிக்கு அட்மிட் பண்ணினாங்க. டாக்டர் சொல்லி வெச்ச அறிகுறிகள் அப்படியே வந்ததாலதான் நாங்க தாமதிக்கலை. ட்ரிப்ஸ் ஏத்தும்போது அப்பா கண்ணைத் திறந்து கேட்டது என்ன தெரியுமா? "இப்போ இன்சூரன்ஸ் குடுப்பான்ல?"

"குடுப்பாங்கப்பா, நீங்க தூங்குங்க"ன்னேன்.

வெள்ளிக்கிழமை ப்ளேட்லெட் 31,000க்கு இறங்கிச்சு. எங்க ஃப்ளைட் கிளம்பின நேரத்துல நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல இளநீர் வெட்டத் தெரியாம வெட்டிக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை ஏற ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துட்டார். இப்போ நல்லா இருக்கார்.

சென்னை வந்ததும் க்ளெய்ம் போட்டேன். மூணு வாரம் கழிச்சுப் பதில் வந்தது, நிராகரிப்பு. காரணம்: நான் பயணத்தை ரத்து பண்ணினது வியாழன் காலை பத்து மணி. அப்பா சேர்க்கப்பட்டது வியாழன் ராத்திரி பதினொண்ணு. ரத்து பண்ணின நேரத்துல அவர் உள்நோயாளி இல்லை. பதிமூணு மணி நேரம் பொறுத்திருந்தா முழுப் பணமும் வந்திருக்கும். அதே நோய்தானே, அதே வாரம்தானேன்னு குறைதீர்ப்புப் பிரிவுக்கும் எழுதினேன். அதே பதில்தான்.

கோபம் வந்தது. அப்புறம் அந்தப் பக்கத்தை நாலு தடவை படிச்சேன். அவங்க வாசகப்படி அவங்க சொன்னது சரி. நம்ம தொழில் பாஷையில சொன்னா, இது பக் இல்லை, ஸ்பெக்கே இப்படித்தான். இன்சூரன்ஸ் காசு கொடுக்குறது நடந்து முடிஞ்ச ஒரு சம்பவத்துக்கு. அதை நிரூபிக்க தேதியும் நேரமும் போட்ட ஒரு காகிதம் வேணும். நம்ம வீட்ல முடிவு எடுக்குறது "ஏதாவது ஆயிடுமோ"ங்கிற பயத்துல. பயத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம்

முதல்ல, இந்தக் குழப்பம் எனக்கு எங்கிருந்து வந்தது? பாதி, அமெரிக்கக் கார்டு ரீல்ஸ்ல இருந்து. மீதி, டல்லாஸ்ல இருக்குற என் அத்தை பையன்கிட்ட இருந்து. "கார்டுலதானே போட்ட? க்ளெய்ம் பண்ணுடா, வந்துரும்"னான். அவன் ஊர்ல அது சரிதான். சேஸ் சஃபையர் மாதிரி கார்டுகள்ல, பயணச் செலவைக் கார்டுல போட்டிருந்தா, குடும்பத்துல யாருக்காவது உடம்பு சரியில்லாம ட்ரிப் ரத்தானா ஆளுக்கு 10,000 டாலர் வரைக்கும் திருப்பித் தர்ற கவர் உண்டு. அங்கயும் ஏற்கனவே இருந்த நோய்னா பிரச்சினைதான்.

இந்தியாவுல கதை வேற. இந்த எபிசோடுக்காக என் கார்டையும் நாலு நண்பர்களோட கார்டையும் எடுத்து விதிமுறைகளைப் படிச்சேன். அஞ்சுலயும் பெரிய எழுத்துல இருந்தது விமான விபத்துக் கவர். அடுத்து, பெட்டி தொலைஞ்சா, லேட்டா வந்தா, பாஸ்போர்ட் காணாமப் போனா ஒரு தொகை. ஒண்ணுல வெளிநாட்டுல அவசர மருத்துவம். ட்ரிப் கேன்சலேஷன் ஒண்ணுலயும் இல்லை. இருக்குற கவருக்கும் நிபந்தனை உண்டு. டிக்கெட் அந்தக் கார்டுலதான் வாங்கியிருக்கணும், முதன்மைக் கார்டுதாரருக்கு மட்டும்தான், சிலதுல கடைசி சில மாசத்துக்குள்ள கார்டைத் தேய்ச்சிருக்கணும். இது பேங்க் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட மொத்தமா எடுக்குற குரூப் பாலிசி. நாம அதுல ஒரு பயனாளி மட்டும்தான். வருஷா வருஷம் விதி மாறலாம். அதனால கார்டு வாங்கினப்போ வந்த புத்தகத்தை நம்பாதீங்க, இப்போ நடப்புல இருக்குற வாசகத்தைக் கேட்டு வாங்குங்க.

இன்னொரு விஷயம். ஐரோப்பா போறவங்க ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ கவர் எடுத்தாச்சு, அதுல எல்லாம் வந்துரும்னு நெனைக்கிறீங்க. அந்த நிபந்தனை அவசர மருத்துவத்துக்கும், ஊருக்குத் திருப்பி அனுப்புற செலவுக்கும்தான். கிளம்புறதுக்கு முன்னாடியே ரத்தானா என்ன ஆகும்னு அந்த விதி கேட்கறதே இல்லை.

தனியா பாலிசி எடுக்கிறீங்கன்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அதுல அஞ்சு இடத்தைத் தேடிப் படிங்க.

ஒண்ணு, "குடும்பம்"னா யாரு? கணவன், மனைவி, பிள்ளைகள், அப்பா, அம்மா பெரும்பாலும் இருப்பாங்க. மாமனார், மாமியார், அண்ணன், தங்கச்சி பாலிசிக்குப் பாலிசி மாறும். என் டீம்ல ஒரு பொண்ணு. அவங்களை வளர்த்தது அம்மாச்சிதான். அம்மாச்சி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன், அவங்க பாலி ட்ரிப்பைக் கேன்சல் பண்ணாங்க. பாலிசியோட குடும்பப் பட்டியல்ல தாத்தா பாட்டியே இல்லை. நம்ம குடும்பம் வேற, பாலிசியோட குடும்பம் வேற.

ரெண்டு, "நோய்"னா என்ன? உள்நோயாளியா சேரணுமா, எத்தனை மணி நேரம் இருக்கணும், இல்ல டாக்டர் சான்றிதழ் போதுமா?

மூணு, ஏற்கனவே இருக்குற நோய். உங்களோடது மட்டும் இல்லை, வீட்டாரோடதும். அப்பாவுக்குப் பத்து வருஷமா பிரஷர் இருந்து, ஹார்ட் அட்டாக் வந்தா, "இது பழைய நோயோட தொடர்ச்சி"ன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. நம்ம அப்பா அம்மா வயசுல சுகரும் பிரஷரும் இல்லாத வீடு எத்தனை?

நாலு, எப்போ இருந்து? பாலிசி எடுக்குறதுக்கு முன்னாடியே தொடங்கின நோய்க்கு ஒண்ணும் கிடையாது. காய்ச்சல் வந்த பிறகு அவசரமா எடுத்துப் பிரயோஜனமில்லை. டிக்கெட் போட்ட அன்னிக்கே எடுத்துடுங்க.

அஞ்சு, உச்சவரம்பு எவ்வளவு, அதுல முதல்ல எவ்வளவு நம்ம கையை விட்டுப் போகும்? வேற எங்கயும் திரும்பக் கிடைக்காத பணத்தை மட்டும்தான் தருவாங்க. அதனால ஏர்லைன், ஹோட்டல் கொடுத்த ரீஃபண்ட் விவரம் எல்லாத்தையும் எழுத்துல வாங்கி வையுங்க.

இன்சூரன்ஸ் இல்லாமலே திரும்ப வந்தது

டிஜிசிஏ விதிப்படி, ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டா இருந்தாலும் வரிகளும், விமான நிலையத்துக்கான பயனாளர் கட்டணமும் நமக்குத் திரும்ப வரணும். கேன்சலேஷன் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. நான் போட்டது இந்திய ஏர்லைன், 8,600 ரூபாய் வந்தது. அதுவும் கேட்டதுக்கு அப்புறம்தான். வெப்சைட் மூலமா புக் பண்ணியிருந்தாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்தான்.

ஹனோய் ஹோட்டல் ஃப்ரீ கேன்சலேஷன், முழுசா வந்தது. ஹாலாங் பே படகுக்காரங்களுக்கு அப்பாவோட டெஸ்ட் ரிப்போர்ட்டை வெச்சு ஒரு மெயில் போட்டேன். ஒரு வருஷத்துக்குள்ள எப்போ வேணும்னாலும் வாங்கன்னு பதில் போட்டாங்க. விதியில இல்லாத உதவியை மனுஷங்க செய்வாங்க, கேட்கணும்.

போனது: டிக்கெட்ல 43,800. ஹனோயில இருந்து டானாங் போற உள்ளூர் ஃப்ளைட் 9,200. ரெண்டு பேருக்கும் இ-விசா, ஆளுக்கு 25 டாலர், நம்ம பணத்துல 4,300. மொத்தம் 57,300.

உங்க க்ளெய்ம் நியாயமில்லாம நிராகரிக்கப்பட்டா என்ன பண்ணலாம்? முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல புகார். ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துலயும் பதிவு பண்ணலாம். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். ஒரு வருஷத்துக்குள்ள போகணும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையிலயே அலுவலகம் இருக்கு. வாசகம் ரெண்டு விதமா படிக்கிற மாதிரி இருந்தா கண்டிப்பா போங்க. என்னோடது அப்படி இல்லை, அதனால நான் போகலை.

கடைசியா ஒண்ணு

இப்போ நாங்க ட்ரிப் ப்ளான் பண்ணும்போது புதுசா ஒரு வழக்கம் வெச்சிருக்கோம். புக் பண்றதுக்கு முன்னாடியே ஒரு தொகையை எழுதி வைப்போம். "இது போனா போகட்டும்." அந்தத் தொகைக்கு மேல ரீஃபண்ட் இல்லாத எதையும் வாங்குறதில்லை. டிக்கெட் ரெண்டாயிரம் மூவாயிரம் அதிகமானாலும் தேதி மாத்துற வசதியோடதான் எடுக்கிறோம். இன்சூரன்ஸும் எடுக்கிறோம், படிச்சுட்டு எடுக்கிறோம். பணம் மிச்சம் பண்றது மட்டும் இதுக்குக் காரணம் இல்லை. வீட்ல ஒருத்தர் படுத்திருக்கும்போது, போகலாமா வேண்டாமாங்கிற கேள்விக்கு நடுவுல டிக்கெட் விலை வந்து உக்காரக் கூடாது. டாக்டர் முன்னாடி உக்காந்து இன்னொரு தடவை நான் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில அப்பாகிட்ட சொன்ன பொய்யை நான் இன்னும் திருத்தலை. பணம் வந்துருச்சுன்னுதான் அவர் நெனச்சுக்கிட்டு இருக்கார். அக்கா இந்த பாட்காஸ்டை வீட்ல ஸ்பீக்கர்ல போடுவா, அதனால இங்கயே சொல்லிடறேன். அப்பா, பணம் வரலை. அன்னிக்கு ஆட்டோவுல கேட்டீங்கள்ல, அட்மிட் ஆகியிருக்கலாமோன்னு. வேண்டாம்பா. அப்படி நெனைக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க.

உங்க கார்டோட விதிமுறையில நீங்க கண்டுபிடிச்ச விசித்திரமான நிபந்தனை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, கார்டு நம்பரை மட்டும் அனுப்பாதீங்க. அடுத்த வாரம் வாடகை ஒப்பந்தமும் அட்வான்ஸ் திரும்ப வாங்குற கலையும். மழைக்காலம், மொட்டை மாடியில தண்ணி தேங்கியிருக்கான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க. வரட்டுமா!